துறைமுக நகரம், நாணய நிதியம், 13ஆவது திருத்தம்: இவற்றில் எதில் நமது இறைமை போகிறது?

வெள்ளவத்தை டீச்சர் கேட்டது:

உயர்தர அரசறிவியல் பிள்ளைகளுக்கு இறைமை பற்றிக் குறிப்பொன்று தயாரிக்கிறேன். கைவசமுள்ள நூல்கள் எல்லாவற்றிலும் ஒரே வரிசைதான்: முழுமையானது, நிரந்தரமானது, பிரிக்க முடியாதது, பாராதீனப்படுத்த (பிறருக்குக் கைமாற்ற) முடியாதது. கீழே போடின், ஹொப்ஸ், ரூசோ, ஒஸ்டின் என்று பெயர்கள். பாடமாக்க வசதி. ஆனால் அதை இலங்கையில் வைத்துப் பார்க்கும்போது மூன்று இடத்தில் இடிக்கிறது.

அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை இறைமை மக்களிடம் என்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புள்ளடி போடுவதைத் தவிர மக்கள் அந்த இறைமையை எங்கே பாவிக்கிறார்கள்? அடுத்தது, பிரிக்க முடியாதது என்றால் மாகாண சபைக்கு அதிகாரம் கொடுத்தது எப்படி? சமஷ்டி நாடுகளுக்கு இறைமை கிடையாதா? மூன்றாவது, துறைமுக நகரம், அம்பாந்தோட்டைக் குத்தகை, நாணய நிதியத்தின் நிபந்தனைகள். மேடையில் எல்லாரும் "இறைமையை விற்றுவிட்டார்கள்" என்கிறார்கள். ஒரு பிள்ளை விடைத்தாளில் அப்படி எழுதினால் அதைச் சரி போடுவதா, பிழை போடுவதா?

சட்டம் தெரிந்தவர்கள், கோட்பாடு படித்தவர்கள் இரண்டு பக்கத்தாரும் சொன்னால் நல்லது.

கறுவாத்தோட்டம் எழுதியது:

டீச்சர், அந்தச் சொற்களை ஒரே பட்டியலாகக் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு சண்டைக்காக எழுதியவர்களின் சொற்கள் அவை. சேர்த்துப் படித்தால் ஒன்றோடொன்று மோதும். பிள்ளைகள் குழம்புவது அதனால்தான்.

போடின் எழுதியது 1576இல். நான்கு வருடம் முன்னர்தான் பாரிஸில் புரட்டஸ்தாந்தரை வெட்டிச் சாய்த்த பர்த்தலோமேயு நாள் படுகொலை நடந்திருந்தது. மன்னர், திருச்சபை, பிரபுக்கள், நகரங்கள் என்று ஆளுக்கோர் அதிகாரம் கோரிய நாட்டில் கடைசிச் சொல் யாருடையது என்பதே அவர் கேள்வி. அதற்காக இறைமையாளருக்கு மட்டுமே உரிய சில அடையாளங்களை எண்ணிக் காட்டினார்: வேறு யாருடைய சம்மதமும் தேவைப்படாமல் சட்டம் ஆக்குவது, போரும் சமாதானமும், உயர் பதவி நியமனம், இறுதி மேன்முறையீடு, மன்னிப்பு, நாணயம் அடிப்பது. நமது குறள் சொல்லும் படை, குடி, கூழ், அமைச்சு, நட்பு, அரண் என்ற ஆறும் அரசனிடம் என்னென்ன இருக்க வேண்டும் என்ற கணக்கு. போடினுடையது வேறு யாரும் செய்யக்கூடாதது எது என்ற கணக்கு. இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் வழக்கம் நம்மவர்களிடம் உண்டு, அதைத் தவிர்க்கலாம்.

அதிகமாகப் பிழைபடும் இடம் அடுத்தது. மன்னனுக்கு வரம்பே இல்லை என்று போடின் சொல்லவில்லை. தெய்வ நியதிக்கும் இயற்கை நியதிக்கும் மன்னன் கட்டுப்பட்டவன். குடிகளோடு செய்த ஒப்பந்தத்தைக் காப்பாற்ற வேண்டும். முடியுரிமை பற்றிய சட்டத்தை மாற்ற முடியாது. சம்மதமில்லாமல் குடிகளின் சொத்தில் கைவைக்கக் கூடாது. அவருடைய முழுமை என்பது மேலே இன்னொரு மனித அதிகாரி இல்லை என்ற அளவுதான்.

வகுப்பில் இதைச் செய்து பாருங்கள்: போடினின் அடையாளங்களை எடுத்து இன்றைய இலங்கையில் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். மன்னிப்பு 34ஆம் உறுப்புரைப்படி ஜனாதிபதியிடம். ஆனால் 2024 ஜனவரியிலும் ஜூனிலும் இரண்டு கொலை வழக்குகளில் முன்னாள் ஜனாதிபதிகள் இருவர் கொடுத்த மன்னிப்புகளை உயர் நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்தது. அப்போது மன்னிக்கும் கடைசிச் சொல் யாருடையது? நாணயம் மத்திய வங்கியிடம். 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் அரசாங்கத்துக்குப் பணம் அச்சிட்டுக் கொடுப்பதற்குத் தடை போட்டிருக்கிறது. இறுதி மேன்முறையீடு இன்று புதுக்கடையில், 1971 வரை லண்டனில் கோமறைக் கழகத்திடம் (பிரிவி கவுன்சில்). சட்டம் பாராளுமன்றத்திடம், போர்ப் பிரகடனம் ஜனாதிபதியிடம். எல்லா அடையாளமும் ஒருவர் கையில் இருக்கும் இடமே இல்லை. போடின் பார்த்தால் இந்த நாட்டில் இறைமையாளரே இல்லை என்பார். ஒஸ்டினும் 1832இல் இதே இடத்தில்தான் தடுமாறினார். பிறருக்குக் கீழ்ப்படியாத, பிறர் வழக்கமாகக் கீழ்ப்படிகிற ஒரு மேலாளரைத் தேடிப்போனவர், பிரித்தானியாவுக்கு மன்னர், பிரபுக்கள், வாக்காளர் எல்லாரையும் சேர்த்துச் சொல்ல வேண்டி வந்தது.

ரூசோ (1762) முற்றிலும் வேறு ஆள். இறைமை பாராதீனப்படுத்த முடியாதது, ஆகவே அதைப் பிரதிநிதித்துவப்படுத்தவும் முடியாது என்றார். ஆங்கிலேயர் தேர்தல் நேரத்தில் மட்டுமே சுதந்திரர், முடிந்ததும் அடிமை என்பது அவருடைய ஏளனம். உங்கள் முதல் கேள்விதான் அது! நமது 3ஆம் உறுப்புரை ரூசோவின் குரலில் பேசுகிறது, அடுத்த 4ஆம் உறுப்புரை அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டாத வழியில் அதைப் பிரதிநிதிகளிடம் கொடுக்கிறது.

வெஸ்ட்பாலியா 1648 பற்றியும் ஒன்று. நவீன இறைமை அங்கே பிறந்தது என்று எழுதுவார்கள். அந்த உடன்படிக்கைகள் ஜெர்மன் சிற்றரசர்களுக்குக் கூட்டணி வைக்கும் உரிமையைக் கொடுத்தன, ஆனால் பேரரசருக்கு எதிராக வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. சமய விடயத்தில் 1624ஆம் ஆண்டு இருந்த நிலையை அடிப்படையாக வைத்துச் சிற்றரசரின் கையைக் கட்டின. "அவரவர் நாட்டில் அவரவர் ராசா" என்ற கதை அதற்குள் இல்லை.

புதுக்கடை எழுதியது:

கோட்பாட்டை மேலே சொல்லிவிட்டார். நான் உறுப்புரைகளோடு நிற்கிறேன்.

3ஆம் உறுப்புரையின் இரண்டாவது வாக்கியத்தை யாரும் வாசிப்பதில்லை. இறைமையில் மூன்று பொருள் அடங்கும் என்கிறது: ஆட்சி அதிகாரங்கள், அடிப்படை உரிமைகள், வாக்குரிமை. 4ஆம் உறுப்புரை யார் அதை எப்படிப் பாவிப்பது என்று பங்கிடுகிறது. (அ) சட்டவாக்கம்: பாராளுமன்றம், சர்வசன வாக்கெடுப்பில் மக்கள் நேரடியாக. (ஆ) நிறைவேற்று அதிகாரம்: ஜனாதிபதி. (இ) நீதித்துறை: பாராளுமன்றம், நீதிமன்றங்கள் ஊடாக. (ஈ) அடிப்படை உரிமைகளை எல்லா அரச அங்கங்களும் மதித்துப் பேணுவது. (உ) வாக்குரிமை: 18 வயது நிரம்பிய பிரசைகள். அதாவது இங்கே இறைமையில் தனிமனித உரிமையும் ஒரு பங்கு. ஐரோப்பிய நூல்களை மட்டும் வைத்துப் படித்தால் இது பிடிபடாது, ஏனென்றால் அங்கே உரிமை என்பது இறைமைக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கும்.

பாராதீனப்படுத்த முடியாது என்பதை நடைமுறையில் காப்பது 83ஆம் உறுப்புரை. 1, 2, 3, 6, 7, 8, 9, 10, 11 மற்றும் 83 ஆகியவற்றோடு முரண்படும் சட்டமூலம் நிறைவேற இரண்டு கதவு தாண்ட வேண்டும். ஒன்று, சமுகமளிக்காதவர்களையும் சேர்த்து மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு, அதாவது 225இல் 150. அன்று சபைக்கு வந்தவர்களில் மூன்றில் இரண்டு என்று பிள்ளைகள் எழுதுவது பிழை. மற்றது சர்வசன வாக்கெடுப்பு.

பட்டியலில் 4 இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதைப் பிடித்துக்கொண்டு, 4ஐ மாற்ற மக்களிடம் போகத் தேவையில்லை என்ற வாதம் பல தடவை எழுந்தது. 2002இல் 19ஆவது திருத்தச் சட்டமூலம் (2015இல் வந்தது அல்ல, அதற்கு முந்தியது) வந்தபோது ஏழு நீதியரசர்கள் அதற்கு முடிவு கட்டினார்கள்: ஓர் அங்கத்துக்கு ஒதுக்கிய அதிகாரத்தை இன்னொன்றுக்கு மாற்றுவதோ நீக்குவதோ 3உடன் சேர்த்து வாசிக்கப்படும் 4உக்கு முரண், ஆகவே மக்களிடம் போக வேண்டும். 2018இலும் இந்தத் தர்க்கம் கைகொடுத்தது. நவம்பர் 9 வர்த்தமானியில் பாராளுமன்றத்தை ஜனாதிபதி கலைத்தார். 33ஆம் உறுப்புரை ஜனாதிபதிக்குத் தனியான அதிகாரம் தருகிறது என்பது அரச தரப்பின் வாதம். டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அதை ஏற்க மறுத்தார்கள். அரசியலமைப்பு கொடுத்ததற்கு மேலே ஜனாதிபதியிடம் மன்னராட்சிக் கால மிச்சம் எதுவும் இல்லை. ஜெர்மன் சட்ட அறிஞர் கார்ல் ஷ்மிட் 1922இல் "விதிவிலக்கைத் தீர்மானிப்பவனே இறைமையாளன்" என்றாரே, அதற்கு மறுப்பாகக் காட்ட இதைவிட நல்ல வழக்கு நமக்குக் கிடைக்காது.

இந்த ஏற்பாட்டில் பெரிய ஓட்டை நேரம்தான். சட்டமூலமாக இருக்கும்போது மட்டுமே உயர் நீதிமன்றம் அதைப் பார்க்கலாம். 121இன் கீழ் மனு வந்தால் மூன்று வாரத்துக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால் 80(3) கதவைப் பூட்டிவிடும். பிறகு எந்த நீதிமன்றமும் அந்தச் சட்டத்தின் வலிதுடைமையைக் கேட்க முடியாது. நீதிமன்றம் சொன்ன திருத்தங்களைக் குழுநிலையில் ஒழுங்காகச் சேர்த்தார்களா என்பதைக்கூட. இது 1972இல் தொடங்கிய வழக்கம். அதற்கு முன் சோல்பரி யாப்பின் கீழ் நிறைவேறிய சட்டத்தையும் தூக்கி எறியலாம். 1962 சதி வழக்குக்கென்றே ஆக்கிய சட்டத்தைக் கோமறைக் கழகம் லியனகே வழக்கில் செல்லாது என்றது, நீதிமன்றத்தின் வேலையைப் பாராளுமன்றம் எடுத்துக்கொண்டது என்பதற்காக. 1964 ரணசிங்க வழக்கும் அப்படி. இறைமையுள்ள பாராளுமன்றமும் தன் சட்டமாக்கும் முறைக்குக் கட்டுப்பட்டதுதான் என்று அது சொன்னதை இன்றைக்கும் பொதுநலவாய நாட்டுச் சட்டபீடங்களில் படிப்பிக்கிறார்கள்.

மக்கள் நேரடியாகத் தீர்மானித்தது இதுவரை ஒரே ஒரு தடவை: 1982 டிசம்பர் 22. ஆம் என்று 54.66 வீதம். தீர்மானித்தது என்ன தெரியுமா? பொதுத்தேர்தல் வைக்காமல் இருந்த பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு வருடம் தொடரவிடுவது. வாக்குரிமை இறைமையின் பங்கு என்று சொல்லும் யாப்பின் கீழ், வாக்குரிமையைத் தள்ளிப்போடவே அந்த வாக்கெடுப்பு பயன்பட்டது.

துறைமுக நகரச் சட்டமூலத்துக்கும் இதே கதவுகள்தான். அந்த நகரத்தை நிர்வகிக்கும் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கப் பார்த்த அதிகாரம் எவ்வளவு தூரம் போகலாம் என்பது கேள்வி. 76ஆம் உறுப்புரை பாராளுமன்றம் தன் சட்டவாக்க அதிகாரத்தைக் கைவிடக்கூடாது என்கிறது. சில பிரிவுகளுக்கு விசேட பெரும்பான்மையும் சிலவற்றுக்கு வாக்கெடுப்பும் வேண்டும், இன்ன மாதிரித் திருத்தினால் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று நீதிமன்றம் சொன்னது. திருத்தி, 2021 மே 20இல் 149 வாக்குகளால் நிறைவேற்றினார்கள். 150க்கு ஒன்று குறைவு என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். திருத்தாமல் விட்டிருந்தால் அந்த எண்ணிக்கையே போதாமல் போயிருக்கும்.

கொட்டாஞ்சேனை எழுதியது:

// பாராதீனப்படுத்த முடியாது என்பதை நடைமுறையில் காப்பது 83ஆம் உறுப்புரை //

சரி, ஆனால் அந்த 83க்குள் 2ஆம் உறுப்புரையும் இருக்கிறது, அதாவது ஒற்றையாட்சி. டீச்சரின் இரண்டாவது கேள்வி அங்கேதான் நிற்கிறது, புதுக்கடையார் அதைத் தொடாமல் போய்விட்டார்.

1987இல் மாகாண சபைகளை உருவாக்கும் 13ஆவது திருத்தமும் மாகாண சபைச் சட்டமூலமும் ஒன்பது நீதியரசர்கள் முன் வந்தன. ஐந்துக்கு நான்கு என்று பிரிந்தார்கள். வாக்கெடுப்பு வேண்டாம் என்ற பக்கத்தின் காரணத்தைப் பாருங்கள்: மாகாண சபை பாராளுமன்றத்துக்குக் கீழ்ப்பட்டது, கொடுத்ததை எடுக்கலாம், ஆகவே ஒற்றையாட்சிக்குப் பங்கமில்லை. எதிர்ப்பக்கம் இது ஒற்றையாட்சியை அரிக்கும் என்றது. ஆக, சபை உயிரோடு வந்தது அது பலவீனமானது என்ற நிரூபணத்தால். இதைப் புரிந்துகொண்டால், காணி, பொலிஸ் அதிகாரங்கள் பட்டியலில் இருந்தும் இத்தனை வருடமாக ஏன் கைக்கு வரவில்லை என்பதும் ஓரளவு புரியும். 2019க்குள் ஒன்பது சபைகளின் காலமும் முடிந்து ஆளுநர் நிர்வாகத்துக்குள் போனதும் அதன் தொடர்ச்சிதான். 4(உ)வில் மாகாண சபைத் தேர்தல் பெயர் சொல்லி இல்லை. 1999இல் உயர் நீதிமன்றம் அந்த வாக்கைப் பேச்சுச் சுதந்திரத்தின் ஒரு வடிவம் என்று 14ஆம் உறுப்புரை வழியாகத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

பிரிக்க முடியாமை பற்றி. அமெரிக்காக்காரர் 1787இல் கண்ட வழி: இறைமை மக்களிடம், அதிகாரங்களை மட்டும் இரண்டு மட்டத்துக்குப் பிரி. அதைச் சொன்னால் போடினும் தப்புவார், சமஷ்டியும் தப்பும். பரீட்சைக்கு அந்த விடை போதும். ஆனால் முழுவதும் நேர்மையான விடை என்று நான் நினைக்கவில்லை. இரண்டு மட்டமும் ஒரே விடயத்துக்கு உரிமை கோரும் நாளில் எல்லையைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் என்று கேளுங்கள். அமெரிக்காவில் அது மத்திய உச்ச நீதிமன்றம். அதையும் ஒத்துக்கொள்ளாதவர்கள் 1861இல் துப்பாக்கி எடுத்தார்கள்.

இன்னொன்று, 3ஆம் உறுப்புரையின் "மக்கள்" என்பது யார்? 1970 ஜூலையில் எம்பிமார் பாராளுமன்றக் கட்டடத்தில் கூடாமல், றோயல் கல்லூரியின் நவரங்கஹலவில் அரசியல் நிர்ணய சபையாகக் கூடினார்கள். காரணம் சட்டத் தொடர்ச்சியை வெட்டுவது: பிரித்தானிய முடி தந்த யாப்பின் 29ஆம் பிரிவின்படி திருத்தினால் அந்த முடியின் கீழேயே நிற்போம், மக்கள் பெயரில் புதிதாகத் தொடங்குவோம். தத்துவரீதியில் பலமான நகர்வு. 1789இல் சியேஸ் பிரான்சில் சொன்ன யாப்பாக்கும் அதிகாரம் அதுதான். ஆனால் வெட்டியபோது 29(2)உம் கூடவே போயிற்று, சிறுபான்மைச் சமூகங்களுக்குப் பாதகமாகச் சட்டம் ஆக்க விடாத பிரிவு. தமிழரசுக் கட்சி 1971இலேயே அந்தச் சபையை விட்டு வெளியேறியிருந்தது. 1972 மே 22இல் பிறந்த யாப்பு தேசிய அரசுப் பேரவையை அரச அதிகாரத்தின் அதியுயர் கருவி என்றது. எல்லா மக்களின் பெயராலும், ஆனால் ஒரு மக்கள் கூட்டத்தின் பிரதானமான கட்சி இல்லாமல்.

அதற்கு 45 வருடம் கழித்து, 2017 ஓகஸ்ட் 4இல், சமஷ்டி கேட்பது 6ஆவது திருத்தம் தடைசெய்த பிரிவினை ஆகாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழரசுக் கட்சிக்கு எதிரான வழக்கு அது. பிரிக்க முடியாத இறைமையா சமஷ்டியா என்று வகுப்பில் வாதம் வைக்கப்போகிறீர்கள் என்றால் இந்தத் தீர்ப்பையும் 1987ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

புதுக்கடை எழுதியது:

1987 பற்றி ஒரு திருத்தம் மட்டும். ஐந்துக்கு நான்கு என்பது சுருக்கமாகச் சொல்லும் வழக்கம். உண்மையில் நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம், ஒன்பதாவது நீதியரசர் சில பிரிவுகளுக்கு மட்டும் வாக்கெடுப்பு வேண்டும் என்றார். அந்தப் பிரிவுகளை மாற்றியதும் கணக்குத் தீர்ந்தது. மற்றபடி மக்கள் யார் என்ற கேள்வியில் உங்களோடு சண்டைக்கு வரவில்லை. அது நீதிமன்றத்துக்கு வெளியே தீர வேண்டியது.

கோட்டை 01 எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். அதற்கு முதலில் 1923இன் விம்பிள்டன் வழக்கு. ஜெர்மனி ஓர் ஒப்பந்தத்தால் தன் கால்வாயைத் திறந்துவைக்கக் கட்டுப்பட்டிருந்தது. இது என் இறைமையைப் பறிக்கிறது என்றது. நிரந்தர சர்வதேச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை: ஒப்பந்தம் செய்ய முடிவதே இறைமையின் ஒரு பண்பு, அதைக் கைவிடுவது அல்ல. ஆகவே "ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தோம், இறைமை போய்விட்டது" என்ற வாக்கியம் சட்டத்தில் நிற்காது. கேட்க வேண்டியது எந்த அதிகாரம், எவ்வளவு காலத்துக்கு, திரும்ப எடுக்க வழி உண்டா என்பதுதான்.

அம்பாந்தோட்டை: 2017 ஜூலை, சீன நிறுவனத்துக்குத் துறைமுகம் 99 வருடக் குத்தகை, 112 கோடி டொலர். அந்தப் பணத்தால் துறைமுகம் கட்டிய கடன் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். தீரவில்லை. பணம் வெளிநாட்டு நாணய ஒதுக்கில் சேர்ந்தது, சீன எக்சிம் வங்கிக் கடனைத் திறைசேரி தொடர்ந்து கட்டியது. காணியின் உரித்து அரசுடையது. சீன ஆய்வுக் கப்பல் யுவான் வாங் 5 2022 ஓகஸ்டில் அங்கே வந்தபோது அனுமதிக்கும்படியும் மறுக்கும்படியும் கொழும்பைத்தான் வற்புறுத்தினார்கள். சட்டத்தின்படி முடிவு இங்கே இருந்ததால்தான் அந்த வற்புறுத்தலே. முடிவு எவ்வளவு சுயமானது என்பது வேறு கேள்வி.

ஒப்பிட்டுக் காட்டக் குவாண்டனாமோ நல்லது. 1903 குத்தகை இறுதி இறைமை கியூபாவுடையது என்கிறது, ஆளுகையும் கட்டுப்பாடும் அமெரிக்காவுக்கு. 1934 ஒப்பந்தப்படி இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் முடியும். கியூபாவின் சட்டமும் பொலிசும் நீதிமன்றமும் அங்கே போகாது. துறைமுக நகரத்தின் 269 ஹெக்டேயரில் இலங்கைக் குற்றவியல் சட்டம் செல்லும், அது கொழும்பு நிர்வாக மாவட்டத்துக்குள் வருகிறது, சட்டத்தைப் பாராளுமன்றம் நாளைக்கே நீக்கலாம். நீக்கினால் முதலீட்டாளருக்கு நட்டஈடு கட்ட வேண்டி வரும், விலை அங்கேதான். 2014இன் முதல் திட்டத்தில் 20 ஹெக்டேயரைச் சீன நிறுவனத்துக்குச் சின்னக்கரமாக, முழு உரித்தோடு கொடுப்பதாக இருந்தது. 2016இல் அதையும் 99 வருடக் குத்தகையாக மாற்றினார்கள். இறைமை பற்றிப் பேசுபவர்கள் கவலைப்பட வேண்டிய வரி அதுதான், அது போய்விட்டது.

நாணய நிதியம்: 2023 மார்ச் 20இல் அங்கீகரித்தது, ஏறக்குறைய 300 கோடி டொலர், 48 மாதம். அது உடன்படிக்கை அல்ல. நாம் எழுதிக்கொடுக்கும் நோக்கக் கடிதம் ஒன்று, அதன் மேல் நிதியத்தின் தீர்மானம் ஒன்று. நிபந்தனையை மீறினால் வழக்கு இல்லை, அடுத்த தவணை வராது. சட்ட இறைமை அப்படியே இருக்கும். வரி வீதத்தையும் மின்கட்டணத்தையும் தீர்மானிக்கும் மேசையில் வெளியாள் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அமெரிக்க அரசறிவியலாளர் ஸ்டீபன் கிராஸ்னர் இறைமையை நான்காகப் பிரித்தது இதற்கு உதவும்: பிற நாடுகளின் அங்கீகாரம், வெளியார் தலையிடாமை, உள்நாட்டுக் கட்டுப்பாடு, எல்லை கடக்கும் பணம் பொருள் மீதான கட்டுப்பாடு. ஒன்று குறைந்தால் மற்றவை குறையத் தேவையில்லை. 2022 ஏப்ரல் 12இல் கடன் கட்ட முடியாது என்று அறிவித்த நாளிலும் முதலாவது முழுதாகவே இருந்தது. நாலாவதில் ஒன்றும் மிச்சமில்லை.

மேடையில் யாரும் தொடாத, ஆனால் உண்மையில் கனமான விட்டுக்கொடுப்பு சர்வதேசப் பிணைமுறிகளில் இருக்கிறது. நியூயோர்க் சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்டவை. ஒரு நாட்டை இன்னொரு நாட்டு நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்ற பழைய விதியைப் பத்திரத்திலேயே விட்டுக்கொடுத்திருக்கிறோம். அமெரிக்கா 1976இலும் பிரித்தானியா 1978இலும் வர்த்தக விடயத்தில் அந்த விதியை ஏற்கெனவே தளர்த்திவிட்டன. அதனால்தான் 2022 ஜூனில் பிணைமுறி வைத்திருந்த ஒரு வங்கியால் இலங்கைக் குடியரசின் மேல் நியூயோர்க்கில் வழக்குப் போட முடிந்தது. தூதரகக் கட்டடம், இராணுவச் சொத்து போன்றவற்றில் மட்டும் பொதுவாகக் கைவைக்க முடியாது.

விடைத்தாள் பற்றி: "விற்றுவிட்டார்கள்" என்று மட்டும் எழுதினால் புள்ளி கொடுக்காதீர்கள். கிராஸ்னரின் நான்கில் எது, எந்த ஆவணத்தால் என்று சொன்னால் முழுப் புள்ளி.

வெள்ளவத்தை டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. குறிப்பை முழுவதும் மாற்றி எழுத வேண்டும் போலிருக்கிறது. ஒரு சின்னக் கேள்வி: 1948இல் சுதந்திரம், 1972இல் குடியரசு. இடைப்பட்ட 24 வருடம் இறைமையுள்ள நாடா இல்லையா? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

கறுவாத்தோட்டம் எழுதியது:

அன்றைக்கே சண்டை நடந்த கேள்விதான். 1948இல் ஐ.நா.வுக்கு விண்ணப்பித்தோம், சோவியத் ஒன்றியம் வீட்டோ போட்டது. பிரித்தானியாவோடு பாதுகாப்பு உடன்படிக்கை, திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் அவர்களுடைய தளங்கள். இது உண்மையான சுதந்திரமா என்று சோவியத் ஒன்றியம் கேட்டது. 1955 டிசம்பர் 14இல் பதினாறு நாடுகளை ஒரேயடியாகச் சேர்த்தபோதுதான் உள்ளே போனோம். தளங்கள் கைக்கு வந்தது 1957. சட்டப்படி பார்த்தால் 1964இல் இப்ராலெப்பே வழக்கில் கோமறைக் கழகமே சொல்லிவிட்டது: இலங்கைப் பாராளுமன்றத்துக்கு முழுச் சட்டவாக்க அதிகாரம் உண்டு, லண்டனுக்கு மேன்முறையீடு போவதை நிறுத்த விரும்பினால் நிறுத்தலாம். 1971இல் நிறுத்தினார்கள். ஆகவே ஆம், இறைமையுள்ள நாடு.

பம்பலப்பிட்டி எழுதியது:

இடையில் ஒன்று. காலி வீதியில் இருக்கிற தூதரகங்கள், உயர்ஸ்தானிகராலயங்கள் எல்லாம் அந்தந்த நாட்டு மண்தானே? எங்களுக்குப் பள்ளியில் அப்படித்தான் சொன்னார்கள்.

கோட்டை 01 எழுதியது:

இல்லை. நிலம் இலங்கையுடையது, இலங்கைச் சட்டம் அங்கேயும் செல்லும். 1961 வியன்னா சாசனத்தின் 22ஆம் உறுப்புரை கொடுப்பது வேறு: தூதுவரின் சம்மதமில்லாமல் நமது அதிகாரிகள் உள்ளே போக முடியாது. தீயணைப்புப் படைக்குக்கூட அந்தச் சாசனத்தில் விதிவிலக்கு எழுதவில்லை. உள்ளே ஒரு கொலை நடந்தால் அது கொழும்பில் நடந்த கொலைதான். பொலிஸ் வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும், சந்தேகநபருக்கு இராஜதந்திர விலக்குரிமை இருந்தால் அனுப்பிய நாடு அதை விலக்கிக்கொள்ளும்வரை இங்கே வழக்குப் போட முடியாது.